விளையாட்டுச் சந்தையும் விளைநிலச் சந்தையும்

பெரும்போக அறுவடை நடைபெறும் மாசி, பங்குனி மாதங்களில் அக்கரைப்பற்றுக்கு வருவோர் கண்ணில் முதலிற் படுவது நெல்லேயாகும். வீதியோரங்களிலும் வீட்டு முற்றங்களிலும் படங்கு விரித்து நெல் காயப்போடப்பட்டிருக்கும். வயல் வட்டைகளிலிருந்து உழவு இயந்திரங்கள் மூடைகளை ஏற்றி வந்தவண்ணம் இருக்கும். வெளியூர் லொறிகள் ஆலை வாசல்களில் வரிசையாய் நிற்கும். மாதக்கணக்காய்ப் பட்ட பாட்டுக்குப் பலன் கைக்கு வரும் காலம் அது. ஆயினும், கமக்காரன் முகத்தில் மகிழ்ச்சியோடு ஒரு கவலையும் கலந்திருக்கும் காலமும் அதுவே. நெல் விளைந்துவிட்டது, விலை என்னவாகுமோ என்பதே அக்கவலை.

அத்தகைய ஒரு மாலையில், அவ்வூர் வீடொன்றின் முற்றத்தில் நிகழக்கூடிய உரையாடல் ஒன்றை நேயர்கள் கற்பனை செய்து பார்க்கலாம். தந்தை மூன்று ஏக்கர் செய்கை பண்ணுபவர். மகன் உயர்தர வகுப்பில் வர்த்தகப் பிரிவில் பயில்பவன். தந்தை தரகர் ஒருவருடன் தொலைபேசியில் விலை பேசிக்கொண்டிருக்கிறார். மகன் கையிலும் ஒரு தொலைபேசி இருக்கிறது. அதில் அவனும் வியாபாரமே செய்துகொண்டிருக்கிறான். அவன் விற்பதும் வாங்குவதும் கணினி விளையாட்டு உலகமொன்றிலுள்ள இரும்பும் மரமும் மீனுமாம். தந்தை பேச்சை முடித்ததும் மகன் கேட்கிறான்: “வாப்பா, எல்லாரும் விற்கும் நேரத்தில் நாமும் விற்றால் விலை விழத்தானே செய்யும்? மூன்று மாதம் வைத்திருந்து விற்றால் என்ன? நான் இதில் அப்படித்தான் செய்கிறேன்.” தந்தை சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டுச் சொல்கிறார்: “உன்னுடைய விளையாட்டில் உரக்கடைக்காரர் கடன் கேட்டு வாசலுக்கு வருவாரா, மகன்?”

மகன் கேட்ட கேள்வி தவறன்று. அது பாடநூலில் உள்ள கேள்விதான். தந்தை கேட்ட கேள்வியும் தவறன்று. அது வாழ்க்கையில் உள்ள கேள்வி. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள தூரம் எவ்வளவு, கணினி விளையாட்டுகளில் அமைக்கப்படும் சந்தைகள் மெய்யான சந்தைக்கு எவ்வளவு அண்மையில் வருகின்றன, எங்கே விலகி நிற்கின்றன என்பதை ஆராய்வது பயனுடையதாகும். ஏனெனில், இன்றைய பிள்ளைகளுட் பலர் வாங்கல் விற்றலின் முதற்பாடத்தைக் கடைத்தெருவிற் கற்பதற்கு முன்னரே கைத்தொலைபேசித் திரையிற் கற்றுவிடுகின்றனர்.

வியாபாரத்தை விளையாட்டாக நடித்துப் பார்ப்பது புதிய வழக்கமன்று. சிரட்டையிற் சோறு சமைத்து, இலையைப் பணமாக்கிக் கடை நடத்தாத சிறுவர் எவ்வூரிலும் இல்லை. இன்று இலங்கையின் ஆரம்பப் பாடசாலைகளிற் ‘சிறுவர் சந்தை’ என்ற பெயரில் ஒரு நாளை ஒதுக்கி, பிள்ளைகள் வீட்டுத் தோட்டத்துக் காய்கறிகளையும் தின்பண்டங்களையும் கொண்டுவந்து விற்கும்படி செய்கின்றனர். காலையில் இருபது ரூபாவுக்கு விற்ற கீரைக்கட்டு, மதியமாகி வாடத் தொடங்கியதும் பத்து ரூபாவுக்கு இறங்குவதைக் கண்ட பிள்ளைக்கு, விலை என்பது பொருளின் மேல் ஒட்டப்பட்ட சீட்டு அன்று. கொள்வோனுக்கும் கொடுப்போனுக்கும் இடையே பிறப்பது என்பது சொல்லாமலே விளங்கிவிடுகின்றது.

பெரியோரும் இத்தகைய விளையாட்டைக் கல்விக் கருவியாய்க் கண்டுள்ளனர். 1904 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எலிசபெத் மேகி என்னும் பெண்மணி ‘நிலக்கிழார் விளையாட்டு’ என்னும் பலகை விளையாட்டுக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். நிலத்தை உடையவன் வாடகையினாலேயே பெருத்துச் செல்ல, ஏனையோர் வறியராவதை மக்களுக்கு உணர்த்துவதே அவர் நோக்கம். பிற்காலத்தில் அவ்விளையாட்டின் வழிவந்ததே, 1935 இல் விற்பனைக்கு வந்து உலகப்புகழ் பெற்ற ‘மொனொப்பொலி’. ஆயின், எச்சரிக்கையாகச் செய்யப்பட்டதை மக்கள் கொண்டாட்டமாக ஆடினர். ஏனையோரை ஓட்டாண்டியாக்கியவனே அதில் வெற்றியாளன் ஆனான். விளையாட்டு என்ன கற்பிக்கும் என்பது, அதைச் செய்தவர் நோக்கத்தை மாத்திரம் பொறுத்ததன்று என்பதற்கு இஃது ஒரு சான்று.

சந்தையை வகுப்பறைக்குள் கொண்டுவந்த வரலாறும் சுவையானது. ஹாவார்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்வேர்ட் சேம்பர்லின் தம் மாணவரிற் பாதிப்பேரை விற்போராகவும் பாதிப்பேரை வாங்குவோராகவும் ஆக்கி, ஒவ்வொருவரிடமும் ஓர் அட்டையைக் கொடுத்தார். விற்பவன் அட்டையில் அவன் இறங்கக்கூடிய கீழ்விலையும், வாங்குபவன் அட்டையில் அவன் ஏறக்கூடிய மேல்விலையும் எழுதப்பட்டிருந்தன. ஒருவர் அட்டையை மற்றவர் பார்த்தலாகாது. மாணவர் இருவர் இருவராய்த் தனித்துப் பேரம் பேசினர். கேள்விக் கோடும் நிரம்பற் கோடும் சந்திக்கும் இடத்திலே விலை அமையுமெனப் பாடநூல் கூறியது; ஆனால், விலைகள் அவ்விடத்தில் அமையவில்லை. சேம்பர்லின் தம் முடிவை 1948 இல் வெளியிட்டார்.

அவருடைய மாணவருள் ஒருவரான வேர்ணன் சிமித் என்பார், 1956 முதல் பேர்டியூ பல்கலைக்கழகத்தில் அதே விளையாட்டைச் சிறு மாற்றத்துடன் நடத்தினார். தனித்தனியே பேசுவதை விடுத்து, ஒவ்வொருவரும் தம் விலையை எல்லாரும் கேட்கக் கூவவேண்டுமென விதித்தார். அதே சந்தையை மீண்டும் மீண்டும் கூட்டினார். சில சுற்றுகளுக்குள்ளேயே விலை பாடநூல் சொன்ன இடத்தை அடைந்து அங்கேயே நின்றது. இவ்வாராய்ச்சி நெறியைத் தொடக்கி வளர்த்தமைக்காக 2002 இல் அவருக்குப் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. இங்கே நேயர்கள் மனத்திற் கொள்ளவேண்டியது ஒன்று. மாணவரும் அவரைப் போன்றவர், அட்டைகளும் அத்தகையவை, முதன்மையான வேறுபாடு, ஒருவர் சொல்லும் விலை ஏனையோர் செவியிலும் விழுந்தது என்பதே. பிறர் என்ன விலைக்கு விற்றனர் என அறியாது தனித்து நின்று பேரம் பேசுபவனுக்குச் சந்தை இருந்தும் இல்லாததே.

இனிக் கணினி விளையாட்டுகளுக்கு வருவோம். 1983 இல் டானி பண்டன் என்பாரின் தலைமையில் அமெரிக்காவில் ஆக்கப்பட்ட ‘மியூல்’ என்னும் விளையாட்டு இத்துறையில் முன்னோடி எனலாம். நால்வர் ஒரு புதுக் கிரகத்திற் குடியேறுகின்றனர். நிலம் பெற்று, ஒருவர் உணவை விளைவிக்க, ஒருவர் சக்தியை ஆக்க, ஒருவர் கனிமத்தைத் தோண்டுகின்றார். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஏலம் நடைபெறும். திரையின் கீழிருந்து வாங்குவோன் மேலே ஏறுவான். மேலிருந்து விற்போன் கீழே இறங்குவான். இருவரும் சந்திக்கும் கோடே விலை. பாடநூலின் வரைபடம் கண்முன் உயிர்பெற்று நடப்பதுபோல் இருக்கும்.

அவ்விளையாட்டில் மேலும் இரண்டு நுட்பங்கள் உள. உணவு போதாதவனுக்கு அடுத்த சுற்றில் வேலை செய்யும் நேரம் குறைந்துவிடும். பசித்தவன் உழைக்க முடியாது என்ற உண்மை அங்கே கணக்கில் எடுக்கப்பட்டது. அன்றியும், இறுதியில் நிற்பவனுக்குக் கெட்ட விபத்துகள் நேருவதில்லை. முன்னணியில் நிற்பவனுக்கு நற்பேறுகள் வாய்ப்பதில்லை. குடியேற்றம் முழுவதும் நலிந்துபோனால் தனியொருவன் சேர்த்த செல்வத்துக்கும் பெருமை இல்லை. போட்டியும் வேண்டும், கூட்டு வாழ்வும் கெடக்கூடாது என்ற எண்ணம் அதன் விதிகளிலேயே நெய்யப்பட்டிருந்தது.

நால்வர் ஆடும் விளையாட்டில் விதியைக் காப்பது எளிது. பல்லாயிரவர் ஒரே உலகில் ஆடத் தொடங்கியபோது வேறு சங்கதிகள் வெளிப்பட்டன. 1986 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் லூக்காஸ் பிலிம் நிறுவனத்தார், தொலைபேசிக் கம்பிவழியே பலர் ஒன்றுகூடி வாழும் ‘ஹெபிடாட்’ என்னும் கற்பனை நகரை அமைத்தனர். அங்கே பொருள் விற்கும் இயந்திரங்களும் பொருளைத் திரும்ப வாங்கும் இயந்திரங்களும் இருந்தன. ஓர் இயந்திரம் பொம்மையொன்றை 75 நாணயத்துக்கு விற்றது. நகரின் மறுகோடியிலிருந்த இயந்திரம் அதே பொம்மையை 100 நாணயத்துக்கு வாங்கியது. 18,000 நாணயத்துக்கு விற்கப்பட்ட பளிங்குப் பந்து, மற்றோரிடத்தில் 30,000 நாணயத்துக்கு வாங்கப்பட்டது. இதைக் கண்டுகொண்ட சிலர் ஓரிரவு முழுவதும் நடையாய் நடந்து, பொம்மைகளில் ஈட்டிய இலாபத்தைக்கொண்டு பளிங்குப் பந்துகளையும் வாங்கி விற்றனர். விடிந்ததும் நிருவாகிகள் கணக்கைப் பார்த்தபோது, நகரிலுள்ள மொத்தப் பணம் ஒரே இரவில் ஐந்து மடங்காகியிருந்தது.

அவ்வியாபாரிகள் குற்றம் யாதும் செய்திலர். மலிந்த இடத்தில் வாங்கிக் கிராக்கியான இடத்தில் விற்பதே வியாபாரத்தின் முதல் விதி. கல்முனைச் சந்தையிலே மீன் வாங்கி அம்பாறையில் விற்பவரும் அதையே செய்கின்றார். ஆயின், மெய்யுலகில் மீனை வாங்குபவர் தம் உழைப்பாற் பெற்ற பணத்தைக் கொடுக்கின்றார். ஹெபிடாட்டின் இயந்திரமோ இல்லாத பணத்தை அச்சடித்துக் கொடுத்தது. தவறு வியாபாரிமேல் அன்று. அளவின்றிப் பணத்தை வெளிவிட்ட வாயிலின்மேல் என்பதே அதிற் பெறப்படும் பாடம்.

இதன் மறுபக்கத்தை 1997 இல் வெளிவந்த ‘அல்டிமா ஒன்லைன்’ காட்டிற்று. அதன் ஆக்குநர், உலகிலுள்ள மூலப்பொருளின் அளவை வரையறுத்து, பயன்படுத்திய பொருள் திரும்பவும் இயற்கைக்கே சென்று புதிதாய்த் தோன்றும்படி ஒரு வட்டத்தை வகுத்திருந்தனர். காகிதத்தில் அது குறைவற்ற திட்டமே. ஆனால், ஆட்டக்காரர் தமக்கு வேண்டியதையும் வேண்டாததையும் வீடுகளிற் குவித்துப் பூட்டிவைத்தனர். பொருள் வட்டத்துக்குத் திரும்பவில்லை. ஆகவே புதிய பொருளும் தோன்றவில்லை. காட்டு விலங்குகளும் தோன்றுமுன்னரே கொன்றொழிக்கப்பட்டன. முடிவில் ஆக்குநர் அத்திட்டத்தைக் கைவிட நேர்ந்தது. பதுக்கல் பாவம் என்று ஜும்ஆப் பிரசங்கங்களிற் கேட்டு வளர்ந்தவர்க்கு இச்செய்தி வியப்பூட்டாது. பசியென்பதே இல்லாத உலகிலும் மனிதர் பதுக்குகின்றனர் என்பதுதான் இங்கே சிந்திக்கத்தக்கது.

இவ்வுலகங்கள் வெறும் பொழுதுபோக்கு என எண்ணியிருந்த பொருளியலாளரைத் திரும்பிப் பார்க்கச் செய்தவர், கலிபோர்னியாவிலே கற்பித்த எட்வேர்ட் காஸ்ட்ரோனோவா. ‘எவர்குவெஸ்ட்’ என்னும் விளையாட்டின் நொராத் என்ற கற்பனை நாட்டை, மெய்யான நாட்டை அளப்பதுபோலவே அவர் அளந்தார். அங்கே ஈட்டிய பொருள்களை ஆட்டக்காரர் இணைய ஏலத்தில் டொலருக்கு விற்றுவந்தனர். அவ்விலைகளைக் கொண்டு 2001 இல் அவர் கண்ட முடிவு: நொராத்தின் ஆள்வீத உற்பத்தி 2,266 டொலர், நாடுகளின் வரிசையில் அதற்கு 77 ஆம் இடம், மணித்தியாலத்துக்கு உழைப்பின் பெறுமதி 3.42 டொலர். இல்லாத ஊரின் குடிமகன், இருக்கின்ற ஊர்களின் குடிமக்கள் பலரை விடவும் கூடுதலாகச் சம்பாதித்தான்.

ஐஸ்லாந்து நாட்டில் ஆக்கப்பட்டு 2003 இல் வெளிவந்த ‘ஈவ் ஒன்லைன்’ இத்தகைய சந்தைகளில் மெய்மைக்கு மிக அண்மையில் நிற்பதெனக் கூறுவர். அதில் ஓடும் விண்கலங்களிற் பெரும்பாலானவற்றை ஆட்டக்காரரே கனிமம் தோண்டி, உருக்கி, கட்டி விற்கின்றனர். விலையை எந்த அதிகாரியும் விதிப்பதில்லை. ஒரு பிரதேசத்திலே மலிந்த பொருளை மற்றொரு பிரதேசத்துக்குக் கொண்டுசெல்ல நேரமும் துணிவும் வேண்டும். வழியிற் கொள்ளையர் உண்டு. போர் மூண்டால் கலங்கள் அழியும், அழிந்தால் கேள்வி பெருகும், விலை ஏறும். இவ்வுலகின் கணக்கைக் கவனிப்பதற்கென்றே அந்நிறுவனம் 2007 இல் எயோல்ஃபுர் குத்முண்ட்சன் என்னும் பொருளியலாளரை நியமித்தது. ஒரு நாட்டின் மத்திய வங்கியைப்போல் விலைச் சுட்டெண்ணும் பண நிரம்பலும் அடங்கிய அறிக்கைகள் வெளியிடப்பட்டன. அவர் பின்னர் ஐஸ்லாந்தின் அக்குரேரி பல்கலைக்கழகத்தின் தலைவரானார்.

இந்த விளையாட்டுப் பொருளியலாளர் கையாளும் அடிப்படை எண்ணம், அம்பாறை மாவட்டத்து உழவர் எவர்க்கும் விளங்கக்கூடியது. குளத்துக்கு வரும் வாய்க்காலும் வேண்டும், துருசும் வேண்டும், மிகைநீர் செல்ல வானும் வேண்டும். அரக்கனைக் கொன்றால் பொற்காசு, பணியை முடித்தால் பொற்காசு என விளையாட்டில் ஒவ்வொரு விநாடியும் புதுப்பணம் பாய்கின்றது. வெளியேறும் வழி இல்லையாயின் பணம் பெருகிப் பெறுமதி இழக்கும். ஆகவே, விற்பனை வரி, தரகுக் கட்டணம், பழுதுபார்க்கும் செலவு என்றெல்லாம் வைத்துப் பணத்தை வடியவிடுகின்றனர். நீரோட்டத்தைக்கொண்டே பொருளாதாரத்தை விளக்கும் எண்ணமும் பழையதே. 1949 இல் லண்டன் பொருளியற் கல்லூரியில் பில் பிலிப்ஸ் என்பார் நிறநீர் ஓடும் தொட்டிகளையும் குழாய்களையும் கொண்டு ஒரு நாட்டின் வருமானம், சேமிப்பு, வரி யாவற்றையும் காட்டும் பொறியொன்றை அமைத்தார். கல்லோயா அபிவிருத்திச் சபை இலங்கையில் நிறுவப்பட்டதும் அதே ஆண்டிலேயாம். ஒன்று கண்காட்சி நீர். மற்றொன்று வயல் விளையும் நீர்.

இனி, சந்தையை அடைத்தால் என்ன நிகழும், முழுதும் திறந்துவிட்டால் என்ன நிகழும் என்பதற்கும் உதாரணங்கள் உள. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் ஆக்கப்பட்ட ‘ரூன்ஸ்கேப்’ விளையாட்டிலே, கள்ளச்சந்தையை ஒழிக்கும் நோக்குடன் 2007 இன் இறுதியிலும் 2008 இன் தொடக்கத்திலும் ஆட்டக்காரர் தம்முள் விரும்பியபடி பண்டமாற்றும் உரிமை கட்டுப்படுத்தப்பட்டது. நண்பனுக்குப் பரிசு கொடுப்பதும் அதனால் அரிதாயிற்று. ஆட்டக்காரரின் மனக்குறை ஓயவில்லை. வாக்கெடுப்பு நடாத்தப்பட்டு, 2011 பெப்ரவரி முதலாந் தேதி அவ்வுரிமை மீண்டும் அளிக்கப்பட்டது. இதற்கு மாறாக, 2012 இல் வெளிவந்த மூன்றாம் ‘டயாப்லோ’ விளையாட்டிலே, மெய்ப்பணத்துக்கே பொருளை விற்கும் ஏலச்சந்தை திறக்கப்பட்டது. பயன் யாது? போராடிப் பெறவேண்டிய வாளைக் காசு கொடுத்து வாங்கலாமென்றதும் போராட்டத்துக்கே பொருளில்லாமற் போயிற்று. 2014 மார்ச்சில் ஆக்குநரே அச்சந்தையை மூடிவிட்டனர். சந்தை நன்றாக இயங்கியதனாலேயே விளையாட்டுக் கெட்டது. விலைக்கு வரக்கூடாதவை சில உண்டென்பதை விளையாட்டு உலகமும் பட்டறிந்தது.

ரூன்ஸ்கேப்பில் நேர்ந்த மற்றொரு நிகழ்ச்சி நெஞ்சை உருக்குவது. 2017 ஆம் ஆண்டளவில் வெனிசுவேலா நாட்டிலே பணவீக்கம் கட்டுக்கடங்காது பெருகி, மாதச் சம்பளம் ஒருசில நாள் உணவுக்கும் போதாதாயிற்று. அந்நாட்டு இளைஞர் பலர் அவ்விளையாட்டினுள் புகுந்து, நாள் முழுவதும் பறவைநாகங்களைக் கொன்று பொற்காசு சேர்த்து, விளையாட்டின் விதிக்கு மாறாக அதனை டொலருக்கு விற்று, உணவும் மருந்தும் வாங்கினர். ஏனையோருக்கு ஆட்டமாயிருந்தது அவர்களுக்குக் கூலிவேலையாயிற்று. அவர்களை இனங்கண்டு, அவர்களுடைய விளையாட்டுப் பாத்திரங்களைக் கொல்வது எங்ஙனமெனப் பிறருக்குக் கற்பித்த ஆட்டக்காரரும் இருந்தனர். ஒரே திரையில் ஒருவன் பொழுதுபோக்குகிறான், மற்றவன் பிழைக்கிறான். இருவரும் ஒரே விலைக்கு விற்கின்றனர். ஆனால் ஒரே நிலையில் நின்று விற்கவில்லை.

இங்கேதான் அக்கரைப்பற்றுத் தந்தையின் கேள்விக்குத் திரும்பவேண்டியவராகின்றோம். விளையாட்டுச் சந்தையிற் கேள்வியும் நிரம்பலும் விலையும் இலாபமும் மெய்யானவையே. ஆயின், அங்கே விற்பவனுக்கு இரண்டு பேறுகள் உள. அவை வயற்காரனுக்கு எளிதில் வாய்ப்பதில்லை.

முதலாவது, காத்திருக்கும் ஆற்றல். மகனுடைய விளையாட்டில் இரும்பு துருப்பிடிக்காது; மீன் அழுகாது; பொருளை வைத்திருக்க வாடகை பெரும்பாலும் இல்லை. நெல்லோ ஈரத்தோடு வயலிலிருந்து வருகிறது. நெல் சந்தைப்படுத்தும் சபை கொள்வனவு செய்வதாயினும் ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேற்படலாகாது. காயவைக்க இடமும் வெயிலும் வேண்டும். குவித்துவைக்கக் களஞ்சியம் வேண்டும். விதைக்கும்போது வாங்கிய உரத்துக்கும் எண்ணெய்க்கும், அறுவடை இயந்திரத்துக்கும் கூலி கொடுத்தாகவேண்டும். இவற்றுக்கெல்லாம் வழியுள்ளவன் மூன்று மாதம் காத்திருந்து நல்ல விலைக்கு விற்கிறான். வழியில்லாதவன் எல்லாரும் விற்கும் நாளிலே விற்கிறான். நெல் ஒன்றே; விற்கும் நாள் வேறு; அந்த நாளைத் தீர்மானிப்பது விவேகம் மாத்திரமன்று, கையிருப்பும் ஆகும்.

இரண்டாவது, விலையை அறியும் வாய்ப்பு. விளையாட்டின் சந்தைப் பலகையில் ஒவ்வொரு பொருளின் விலையும், நேற்றைய விலையும், முந்திய மாதத்து விலையும் எல்லார் கண்ணுக்கும் தெரியும். வேர்ணன் சிமித்தின் வகுப்பைப்போல் அங்கே எல்லாரும் உரக்கக் கூவுகின்றனர். வயல் வரம்பிலே நிற்பவனோ தரகர் சொல்லும் விலையை மாத்திரம் கேட்கிறான். சம்மாந்துறையில் என்ன விலை, பொலன்னறுவை ஆலைகளில் என்ன விலை என்பதை அவன் அறிவதற்குள் லொறி புறப்பட்டுவிடுகிறது. அவன் நிற்பது சேம்பர்லினுடைய வகுப்பிலேயாம்.

இக்குறைகளை அரசாங்கம் அறியாமலில்லை. 1971 ஆம் ஆண்டின் சட்டத்தினால் நெல் சந்தைப்படுத்தும் சபை அமைந்தது. உத்தரவாத விலைகளும் காலத்துக்குக் காலம் அறிவிக்கப்பட்டு வந்துள்ளன. 2025 பெப்ரவரியில் ஒரு கிலோ நாட்டு நெல்லுக்கு 120 ரூபாவும், சம்பாவுக்கு 125 ரூபாவும், கீரிச் சம்பாவுக்கு 132 ரூபாவும் விதிக்கப்பட்டன. உத்தரவாத விலை உண்மையில் உழவன் கைக்குச் சேர்வது, களஞ்சியம் உரிய நாளில் திறக்கப்படுவதையும், காயவைக்கும் வசதி இருப்பதையும் பொறுத்தது. விதியை அறிவிப்பது எளிது. வாய்க்காலைத் துப்புரவாக வைத்திருப்பதே கடினம்.

விளையாட்டுக்கும் வாழ்க்கைக்கும் இடையே மற்றொரு வேறுபாடும் உண்டு. விளையாட்டில் ஆக்குநர் தவறிழைத்தால், சந்தையை ஒருநாள் மூடிவைத்துக் கணக்கைத் திருத்தி மறுபடியும் திறக்கலாம். டயாப்லோவில் 2013 மே மாதத்தில் ஒரு வழுவினாற் பொற்காசு பெருகியபோது அவ்வாறே செய்தனர். வாழ்க்கையில் அங்ஙனம் திருப்ப முடியாது. 2021 இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடுக்கப்பட்டு, சில மாதங்களில் அத்தடை நீக்கப்பட்டது. ஆயினும், உரமின்றி மெலிந்த அப்போகத்தின் பயிர் மீண்டும் விளையவில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் எழுபது வீதத்தை எட்டிற்று. விளையாட்டிலே சுட்டெண்ணாகத் தோன்றுவது, வீட்டிலே ஒருவேளை உணவைக் குறைப்பதாகத் தோன்றிற்று.

அவ்வாறாயின், பிள்ளைகள் இவ்விளையாட்டுகளை அறவே விட்டுவிட வேண்டுமோ எனின், அங்ஙனம் கூறுதல் பொருந்தாது. நன்கு அமைந்த விளையாட்டுச் சந்தை பொறுமையையும் கணக்கையும் கற்பிக்கின்றது. எல்லாரும் ஓடும் திசையில் ஓடாதிருக்கவும் பழக்குகின்றது. ஆசிரியர் ஒருவர் மாணவனிடம் ஒரு குறிப்புப் புத்தகத்தைக் கொடுத்து, விளையாட்டில் ஒரு பொருளின் விலையை இரு வாரங்களுக்கு எழுதி வரும்படியும், அதே நாட்களில் ஊர்ச்சந்தையில் தேங்காயின் விலையையும் எழுதி வரும்படியும் சொல்லலாம். இரண்டும் ஏன் ஏறின, ஏன் இறங்கின, எது விரைவாக மாறிற்று என்று வகுப்பில் ஆராயலாம். கணினி இல்லாத பாடசாலையில் சிமித்தின் அட்டை விளையாட்டை நாற்பது துண்டுக் காகிதங்களைக் கொண்டு ஒரு பாடவேளைக்குள் நடாத்திவிடலாம். ஒருமுறை தனித்தனியே பேரம் பேசச்செய்து, மறுமுறை உரக்கக் கூவச்செய்தால், வேறுபாட்டைப் பிள்ளைகளே கண்டுகொள்வர். மூன்றாம் முறை, விற்போருட் சிலருக்கு மாத்திரம் ‘இன்றே விற்றாகவேண்டும்’ என எழுதிக் கொடுத்தால், தந்தையின் கேள்வியும் அவர்களுக்கு விளங்கும்.

பெற்றோர் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. விளையாட்டினுள் நடக்கும் வியாபாரம் வேறு. விளையாட்டை நடத்தும் வியாபாரம் வேறு. உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத பெட்டியை மெய்ப்பணம் கொடுத்து வாங்கச் செய்யும் விளையாட்டுகள் பல உள. அது சந்தையன்று, சூது. பெல்ஜியம் நாட்டுச் சூதாட்ட ஆணைக்குழு 2018 இல் சில விளையாட்டுகளிலிருந்த அத்தகைய பெட்டிகள் சூதாட்டச் சட்டத்துக்கு மாறானவையெனத் தீர்மானித்தது. விலையும் பொருளும் இரண்டும் கண்ணுக்குத் தெரிந்தாலன்றி அங்கே வியாபாரம் இல்லையென்பதைப் பிள்ளைகளுக்குச் சிறுவயதிலேயே சொல்லிவைத்தல் நலம்.

அக்கரைப்பற்று முற்றத்துக்கு மீண்டும் சென்றால், தந்தையும் மகனும் இன்னும் பேசிக்கொண்டிருக்கக் காணலாம். மகன் தன் விளையாட்டை மூடிவிட்டு, அத்தொலைபேசியிலேயே வேறு ஊர்களில் நெல் என்ன விலை போகிறதென விசாரிக்கிறான். தந்தை கடன்கணக்கை எடுத்து, எவ்வளவு நெல்லை இன்று விற்றாற் கடன் தீரும், எவ்வளவைப் படங்கின்மேற் காயவைத்து வைத்திருக்கலாமெனக் கூட்டிப் பார்க்கிறார். முப்பது மூடையில் ஐந்து மூடையைத்தான் வைத்திருக்க முடிகிறது. அது பெரிய வெற்றியன்று. ஆயினும், அடுத்த போகத்தில் அயலவர் நால்வர் சேர்ந்து ஒரே இடத்தில் உலர்த்தி, விலையை ஒருவருக்கொருவர் சொல்லி, ஒன்றாக விற்றாலென்ன என்ற பேச்சு அன்றிரவு அவ்வீட்டில் எழுகின்றது.